பதினோராவது துலிப்

ஏப்ரல் 11
மூத்த பேரன் எர்மெக் பிஷ்கெக்கில் பல் வைத்தியர். சின்னவன் ஊலுக்பெக் குஸ்தியில் மாகாணத்திலேயே இரண்டாவது. என்னைக் கேட்டால் முதலாவது, நடுவருக்குக் கண் சரியில்லை. பேத்தி ஜீபெக் இருவரையும் மிஞ்சிவிட்டாள். வனத்துறை ஆய்வாளர்! மலையடிவாரத்தில் 'காட்டுத் துலிப் பறிக்காதீர்' என்ற பலகை அவள் கைப்பட எழுதியது. ஐந்தாவது வரை படித்த நான் அதை ஒரே மூச்சில் வாசித்தேன்.

ஏப்ரல் 17
ஜீபெக்குக்குக் காதணி போட்டு நிச்சயம் பண்ண நாளை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மேசையில் பூ வேண்டாமா? மலைக்குப் போனேன். எண்ணிப் பார்த்தால் பத்து. இரட்டைப்படை சாவு வீட்டுக்கல்லவா! இன்னொன்றுக்காகத் திரும்பிப் போனபோதுதான் வனக் காவலன் வந்தான்.
"பாட்டி, பலகையப் படிக்கலையா?"
"படிச்சேன் தம்பி. எழுதினவளே என் பேத்திதான். உன் ஆய்வாளரம்மா. யாரைக் கேக்குறோம்னு பாத்துக் கேளு."
அவன் முகம் சுண்டிப்போயிற்று. அவன் எதிரிலேயே பதினோராவதைப் பறித்தேன். நிமிர்ந்து நடந்து வந்தேன்.

ஏப்ரல் 18
காதணி போட்டாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா சால்கின், "என்ன அழகும்மா! எங்க வாங்கினீங்க?" என்றாள்.
"சந்தையில" என்றேன். ஜீபெக் என்னையே பார்த்தாள். நான் தேநீர் ஊற்றினேன்.
ஊலுக்பெக் என்னைப் பூவோடு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். எத்தனை பாராட்டு!

ஏப்ரல் 20
ஜீபெக் வந்தாள். உட்காரவில்லை. பால்காரி தோத்து துலிப் பறித்து மாட்டிக்கொண்டாளாம். அபராதம் எழுதப் போனால், "ஆய்வாளரம்மா வீட்டு மேசையில இருந்தது மட்டும் காகிதப் பூவா?" என்று ஊரே கேட்கக் கத்தினாளாம். காவலனும் எல்லாம் சொல்லிவிட்டான்.
"என் பேரைச் சொல்லியா தப்பிச்ச, பாட்டி?"
ஐயோ, எதுக்கு அப்படிச் சொன்னேன்? பூவுக்கா? இல்ல — அவன் பயந்ததைப் பாக்க நல்லா இருந்துச்சு. அதுதான் நெஜம். ஆறு வருஷம் படிச்சு அவ வாங்கின பேரு. இனி யாருகிட்ட அவளால அபராதம் கேக்க முடியும்?

ஏப்ரல் 21
இதழெல்லாம் மேசையில் உதிர்ந்து கிடக்கிறது. துடைக்கக் கை வரவில்லை.

ஏப்ரல் 23
வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் தோத்து. "நீங்க எதுக்குப் பாட்டி?"
"நீ வந்த காரியத்துக்குத்தான்" என்றேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். வேண்டாம், உனக்குப் பிறகே வருகிறேன் என்று நின்றேன்.
ஜீபெக் தலை நிமிராமல் அபராதச் சீட்டை எடுத்தாள்.
"எத்தனை பூ?"
"பதினொண்ணு."
"எங்கே பறிச்சீங்க?"
"உன் பலகைக்குப் பின்னால."
எழுதி முடித்தாள். பலகையில் உள்ள அதே கையெழுத்து. சீட்டை நீட்டும்போது என் விரலை ஒரு நொடி பிடித்திருந்தாள்.
திரும்பும் வழியில் பலகைக்குப் பக்கத்தில் சீட்டும் கையுமாக நின்று, கூட வந்த ஊலுக்பெக்கைப் படம் எடுக்கச் சொன்னேன். "கண்ணை மூடிட்டீங்க பாட்டி, இன்னொண்ணு எடுக்கவா?" என்றான்.
வேண்டாம்டா. குழுவுல இருக்கற பூப் படத்தை நீக்கிட்டு இதையே போடு. சால்கினுக்கும் அனுப்பு.