பதினாறு ஈர விரிப்புகள்

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தபோது அந்த வாசனை வந்தது. சரியாகக் காயாத பருத்தித் துணியில் சூடு பட்டால் வருமே, அது. நீ இருந்தால் மூக்கைச் சுளித்திருப்பாய். மூன்று நாள் காய்ச்சலில் நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நான் தனியாகப் பார்க்கும் முதல் மழைக்காலம் இது.

கொச்சி மட்டாஞ்சேரியில் தோழிகள் நாம் இருவரும் இந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்த அன்றே வேலையை நீ பிரித்துவிட்டாய். பயணிகள் தங்கும் ஹோம்ஸ்டேக்களின் படுக்கை விரிப்புகளைத் துவைப்பதும் தேய்ப்பதும் இருவரும். என்று தருவோம் என்று வாக்குக் கொடுப்பது நீ மட்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனால் போனில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் வாயில் வரும். மறுக்கக் கூச்சம். "டிகிரி வாங்கினவளுக்கு முடியாதுன்னு ஒரு வார்த்தை வரலையேடி" என்று சிரிப்பாய். நீயோ போனைக் காதில் வைத்தபடியே மொட்டை மாடிக்கு ஏறுவாய். தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் தெளிவாக இருந்தால் நாளை தருகிறேன் என்பாய். மங்கலாக இருந்தால் நாளை மறுநாள். தெரியவே இல்லையென்றால், "சேச்சி, இப்ப சொல்ல மாட்டேன்." சொன்ன கிழமையைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாய்.

ஒருமுறை நீ இல்லாத நேரத்தில் நானே வாக்குக் கொடுத்தேன். மழை விடவில்லை. ஈரத்தை இஸ்திரியிலேயே போக்கிவிடலாம் என்று தேய்த்து, மடித்து, அடுக்கிவிட்டேன். நீ வந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தாய்.

"சூடா இருக்கு, காயல. இதுல படுக்கிறவங்களுக்குத் தெரியும்டி."

எல்லாவற்றையும் பிரித்து உதறிக் கொடியில் போட்டுவிட்டு, நீயே போன் செய்து மன்னிப்புக் கேட்டாய். பேச வேண்டியவள் நான். உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இன்றும் அதே கதை. யூதத் தெருவான ஜூ டவுன் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் சேச்சிக்கு முப்பது விரிப்புகள், மாலை ஆறு மணிக்கு என்று நேற்று நான் சொல்லியிருந்தேன். நமக்கு இருக்கும் பெரிய வாடிக்கை அவர்தான். நான்கு மணிக்கு, தேய்த்தவற்றை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பதினான்கு காய்ந்திருந்தன. மீதி பதினாறும் வெதுவெதுப்பாக, கைக்குக் காய்ந்தது போலவே இருந்தன. கொடுத்திருந்தால் நேரம் தவறியிருக்காது. அவரும் எண்ணி வாங்கி உள்ளே வைத்திருப்பார்.

அரை மணி நேரம் போனையே பார்த்திருந்துவிட்டு அழைத்தேன்.

"பதினாலுதான் ஆச்சு சேச்சி. மீதி ஈரம்."

"மோளே, காலையிலே பறஞ்சிருந்தா வேற வழி பாத்திருப்பேனே. உன் கூட்டுகாரியா இருந்தா காலையிலேயே விளிச்சுச் சொல்லியிருப்பா."

"ஆமா சேச்சி. மீதிய நாளைக்கு மத்தியானம் தரேன்."

வைத்த பிறகுதான் மாடி ஏறினேன். வழக்கம்போல முதலில் வாய், அப்புறம் வானம். கிரேன்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மழை மட்டும் நின்றது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்கக்கூட அலுப்பாக இருந்தது. உன்னைப் போலப் பேச எனக்கு இன்னும் வரவில்லை; வருமென்றும் தோன்றவில்லை. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும், பிந்தியாவது இந்தப் படியேறுவதும்தான் உன்னிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கின்றன.

நீயாக இருந்தால் இப்போது எந்த நாளையும் சொல்லியிருக்க மாட்டாய். நான் மறுபடி அழைத்தேன்.

"சேச்சி, நாளைக்கும் முடியாது. நாளன்னைக்கு."

"சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கீழே வந்து, சுவரில் உன் எழுத்துக்கு அடியில், கிழமையை எழுதினேன்.