கன்னத்தில் கீறிய முள்

சனிக்கிழமை, லிந்துலை

இன்று என் மனைவி ரெஜினாவின் கண் மயிரிழையில் தப்பியது.

ஹோட்டல் விருந்தாளிகளுக்கு ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எனக்கும் சொல்லித் தரும்படி நான்தான் நச்சரித்தேன். தூண்டிலைப் பின்னால் வீசிய வேகத்திலேயே முன்னால் இழுத்துவிட்டேன். பின்னால் நின்றவளின் கன்னத்தில் முள் கீறியது.

"இனிமே எனக்கு இது வேணாம்" என்று தூண்டிலைக் கீழே போட்டேன்.

அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்படியே விட்டா ரெண்டு பேருக்கும் பயம் போகாதுங்க. கயிறு பின்னால முழுசா நீளுற வரைக்கும் பொறுக்கணும். மணிக்கட்ட மடக்காம, திரும்பிப் பாத்து வீசுங்க."

முள்ளை வெட்டி எடுத்துவிட்டு, தன் சுவெட்டரிலிருந்து கம்பளி நூலைப் பிய்த்து அந்த இடத்தில் கட்டினாள். பிறகு, முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கயிறு அவள் தலைக்கு மேலே நேராக நீண்டது. அதன் பிறகே வீசினேன். கம்பளி நூல் தண்ணீரில் மெல்ல விழுந்தது.

"அப்படித்தான்!" என்று கைதட்டினாள். நானும் சிரித்தேன்.

அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கன்னம் வீங்கியிருக்கிறதா என்று டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.

"கண்ணு ரெண்டும் இருக்குங்க, படுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.