வேரோடு பிடுங்கிய எருக்கு

ஆகஸ்ட் 5, திங்கள்

வெயில். காற்றே இல்லை.

தம்பி முனுசாமி செய்தது அநியாயம். நான் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் என் சுவரோரத்து எருக்கஞ்செடியைக் கடப்பாரை போட்டுப் பிடுங்கிவிட்டான். என் இடம். என் செடி. பட்டாம்பூச்சி முட்டையிடட்டும் என்றே மூன்று வருடமாக வளர்த்தது.

கேட்டால், "வூட்டாண்ட எருக்கு இருந்தா குடும்பம் உருப்படாதுண்ணா. எம் புள்ள டில்லிக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனில வேலை கெடைக்காததுக்கு இதான் காரணம்."

"உன் பையன் இன்டர்வியூ அன்னிக்குத் தூங்கிக்கினு இருந்து பஸ்ஸ வுட்டான். அதுக்கு எருக்கு இன்னாடா பண்ணும்?"

இனி அவனோடு பேச்சில்லை.

குப்பையில் கிடந்த இலைகளில் வரிப்புழுக்கள். ஏழு. கூடையில் எடுத்துவைத்தேன். வேர்க்கட்டையைப் பின்பக்கம் நட்டேன். ஆணிவேர் பாதி அறுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 7, புதன்

வாடிய இலையைப் புழு தொடுவதில்லை. ரயில்வே கேட் வரை நடந்து புது இலை. சட்டையில் எருக்கம்பால் கறை. முழங்கால் வலி. கட்டைக்கு இரண்டு குடம் தண்ணீர்.

டில்லி கூடையை எட்டிப் பார்த்தான். "பெரிப்பா, உனுக்கு வேற வேலையே இல்லியா?"

"எனக்காவது இது இருக்குது."

சொல்லியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இரண்டு புழு செத்துவிட்டன. ஐந்து, மூடியில் தொங்கிக் கூடாகிவிட்டன. பச்சை.

கட்டை அழுகுகிறது. தப்பு என்னுடையது. துளசிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினேன். வறண்ட மேட்டில் வளர்வதற்குக் குடம் எதற்கு? அழுகலைச் சீவி, சாம்பல் தடவி, மணலில் மாற்றி நட்டேன். இனி ஒரு சொட்டுக் கிடையாது.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் நான்கு பட்டாம்பூச்சி. ஈரத்துணிபோல் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு. காபி குடித்து வருவதற்குள் மூன்று பறந்துவிட்டன. நான்காவது என் கையில் ஏறிப் போனது. ஐந்தாவது கூடு கறுத்துக் காய்ந்துவிட்டது.

இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆனால் அவை திரும்பி வந்தால் முட்டையிடச் செடி? கட்டையில் அசைவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மேகம். கட்டையில் துளிர்! கண்ணாடி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூன்று இடத்தில். அப்பாடா.

முனுசாமி மனைவி சரோஜா வந்தாள். "மாமா, புள்ளையார் சவுத்திக்கு எருக்கம்பூ மாலை கட்டணும். எங்க கெடைக்கும்?"

"பிடுங்கினவனக் கேளு."

"அந்த மனுசன்தான் உங்களாண்ட கேக்கச் சொன்னாரு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. ரயில்வே கேட்டுக்கு வழி சொன்னேன்.

ஆக வேண்டியவை:

முனுசாமி: செடியைத் திரும்ப நட, மழைக்கு முன் சுவரோரம் குழி தோண்ட வேண்டும். அதே கடப்பாரையால். ஆள் வைக்கக் கூடாது.

சரோஜா: அடுத்த வருடம் பூ இங்கேயே பறிக்கலாம். இலையில் கை வைக்கக் கூடாது.

டில்லி: ஸ்ரீ சிட்டிக்கு முதல் பஸ். நான் எழுப்புவேன்.

நான்: தண்ணீர் ஊற்றாமல் இருக்க வேண்டும். முனுசாமியோடு பேச வேண்டும். குழி தோண்டி முடித்த பிறகு.