இருபத்திரண்டில் ஒன்று

பிப்ரவரி 3, திங்கள்

ஏழு வீடு, நாலு கர்ப்பிணி, மூன்று கைக்குழந்தை, ஒரு நாய்க்கடி. கடி எனக்கில்லை, ஸ்கூட்டர் சீட்டுக்கு. பஞ்சு வெளியே வந்துவிட்டது.

பால்காரர் வீட்டு மருமகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடுகிறாளாம். எங்கே போடுகிறாள் என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். ரோஜாத் தொட்டியில். செடி தளதளவென்று இருக்கிறது, அவளுக்குத்தான் கண் வெளுத்துக் கிடக்கிறது. என் எதிரிலேயே ஒன்றை விழுங்க வைத்தேன். "கருப்பா போகுது சிஸ்டர்" என்று சிணுங்கினாள். "போனா போகட்டும், யாரு எட்டிப் பாக்கப் போறா" என்றேன். மாமியார் உட்பட வீடே சிரித்தது. ஆஸ்பத்திரி வார்டில் இருந்த ஒன்பது வருஷத்தில் யாரும் என் பேச்சுக்குச் சிரித்ததாக ஞாபகமில்லை. இந்த ஆறு ஊர்களும் என் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் நான் பெரிய வேடிக்கைக்காரி.

கடைசித் தெருவில் தையல் மிஷின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வயிறு இடிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் இருக்கும். என் பதிவேட்டில் பெயரே இல்லை. "நான்தாம்மா இந்தப் பக்கத்துக்குப் புது சிஸ்டர்" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். பின்பக்கம் போனாள். வரவே இல்லை.

"கூச்ச சுபாவம்" என்றாள் அவள் மாமியார். கூச்சமா அது? போன வேகத்துக்கு ஓட்டப்பந்தயத்தில் பரிசே வாங்கியிருக்கலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

பிரஷர் பார்க்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று இவர் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்று நாற்பது. "கரண்டு கம்பத்துல ஏறும்போதுகூட எனக்கு இப்படி இருந்ததில்ல. உன்கிட்ட கையக் குடுத்தா ஏறாம என்ன பண்ணும்" என்றார். லைன்மேனுக்கு வாய் ரொம்ப நீளம்.

பிப்ரவரி 17, திங்கள்

தையல்காரி வீட்டுக்கு மூன்றாவது படையெடுப்பு. மாமியார் பிடித்து உட்கார வைத்ததால் கை கிடைத்தது. நூற்று முப்பது, எண்பத்து நாலு. காலில் லேசான வீக்கம். விட்டுவிடக் கூடிய கேஸ் இல்லை. முதல் குழந்தை நாலு வயதுப் பெண், மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. கணவன் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில்.

நான் பேசப் பேச அவள் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். என்னுடைய மிகச் சிறந்த ஜோக்குகள் இரண்டைச் சொன்னேன். மாமியார் சிரித்தாள். இவள் தையலைப் பிரித்தாள்.

கடைசியில் ஒரே ஒரு வாக்கியம். "நான் வீட்லயே பெத்துக்கிறேன்."

"பிரசவம் யாரு பாப்பாங்க?"

"பக்கத்து ஊர்ல ஒரு அம்மா இருக்காங்க."

பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'திமிர்' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து அழித்தேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா பதிவேட்டைப் பார்ப்பார் என்ற பயத்தில்தான், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

தையல்காரியின் மாமியார் கடைக்குப் போயிருந்தாள். நானும் அவளும் மட்டும். ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று எனக்கு ஏற்கெனவே தோன்றியிருந்தது. பொறுமையாகத்தான் கேட்டேன். "போன தடவை அங்க யாராச்சும் உன்ன ஏதாச்சும் சொன்னாங்களா? யாருன்னு சொல்லு. நான் போய்க் கேக்குறேன்."

மிஷினை நிறுத்தினாள். முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கேளுங்க. நீங்கதான்."

வலியில் கத்தினாளாம். புருஷன்கூட இருந்தப்ப இப்படிக் கத்தினியா என்று கேட்டேனாம். தொடையில் ஓர் அடி வைத்தேனாம். அடுத்த கட்டிலில் இருந்தவள் தலையைத் திருப்பிக்கொண்டாளாம். எல்லாவற்றையும் தையல் கூலி சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "மூஞ்சி மறந்திருந்தேன். அன்னைக்கு வாசல்ல வந்து பேசினீங்க பாருங்க, குரல்ல தெரிஞ்சுது."

எனக்கு ஞாபகமே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், எந்தக் கட்டில், எந்த நாள் — ஒன்றும் இல்லை. நானா? நான் அப்படியா பேசினேன்? பேசியிருப்பேன். அங்க எல்லாரும்தான் பேசுவாங்க. அதுக்காக? அவகிட்ட மட்டுமா பேசியிருப்பேன்? எத்தனை பேரு வீட்ல போய் இப்ப நான் ஜோக்கடிச்சிட்டு இருக்கேன்?

பிப்ரவரி 27, வியாழன்

தலைவலி என்று விடுப்பு. தலை வலிக்கவில்லை.

மார்ச் 1, சனி

இவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "அந்த வார்டுல இருந்தப்ப வீட்லயும் அப்படித்தான் இருந்த. நாங்க பழகிட்டோம்" என்றார். மகள் வீட்டுப்பாட நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பென்சில் நின்றுவிட்டது.

வார்டை விட்டு வந்தது மனம் திருந்தியா? முதுகுவலி. நிற்க முடியவில்லை, மாற்றல் கேட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்கத் தெரியவில்லை. பதவியில் பழகிவிட்டால் பேச்சு எங்கே தொடங்கினாலும் சாக்குப்போக்கில்தான் வந்து நிற்கிறது. பன்னிரண்டு கட்டில், இரண்டு நர்ஸ், பன்னிரண்டு மணி நேரம் உட்காரக்கூட முடியாது, சில நாள் ஒரே ஷிப்டில் இருபத்திரண்டு பிரசவம் நடந்திருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாம் உண்மைதான்.

அவள் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"உங்களுக்கு இருபத்திரண்டு. எனக்கு ஒண்ணுதானே சிஸ்டர்."

மார்ச் 12, புதன்

மறுபடி போனேன். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மனதில் ஒத்திகை பார்த்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். "நான் பண்ணது தப்பு. உன்ன அடிச்சது தப்பு, அந்தப் பேச்சு அதவிடத் தப்பு" என்றேன். 'ஆனா' என்று ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். ரோஜாத் தொட்டிக்காரி மாத்திரை விழுங்கியபோது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. மிஷினிலிருந்து கையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். "பிரஷர் பாக்கணும்னா பாருங்க."

நூற்று முப்பத்தாறு, எண்பத்தெட்டு.

மார்ச் 25, செவ்வாய்

பால்காரர் மருமகளுக்கு ரத்த அளவு ஏறியிருக்கிறது. ரோஜாச்செடிதான் வாடிவிட்டதாம், மாமனார் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்.

தையல்காரியை டாக்டரம்மா இங்கே துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்த நாளில் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார். "இந்தக் கேஸை வீட்ல விடாதீங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மாமியாரிடம் எச்சரிக்கைகளைச் சொல்லி வைத்தேன். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் உடனே போன். நான் மட்டும் பேசாமல் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒன்றைக்கூட விடாமல் ஒப்பித்தாள். என் மகள் பரீட்சைக்கு இப்படிப் படித்தால் போதும்.

ஆஸ்பத்திரி பற்றித் தையல்காரி இன்னமும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு மாமியார் போன். "சிஸ்டர், அவளால ஊசியில நூல் கோக்க முடியல. மூணு தடவை என்கிட்ட குடுத்துட்டா. அவ கண்ணு கட்டிட்டுக்கூட கோப்பா."

எப்படி ஓட்டிப் போனேன் என்று தெரியாது. நூற்று அறுபத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு. சிறுநீரில் புரதம் நிறைய. முப்பத்தேழாவது வாரம். இதற்கு மேல் வீட்டில் இருந்தால் வலிப்பு வரலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடமும் பேசி முடித்து, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மிரட்டினால் வந்துவிடுவாள் என்று தெரியும். மிரட்டத்தான் எனக்கு நன்றாக வருமே. "உனக்கு என்ன வேணும்னு சொல்லு, அதப் பண்றேன்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "அத்தை என்கூட உள்ள இருக்கணும். நீங்க உள்ள வரக்கூடாது."

"சரி."

"உங்க சத்தம்கூடக் கேக்கக்கூடாது."

"சரிம்மா."

மூத்த குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டோம். ஆம்புலன்சில் அவளும் மாமியாரும். நான் பின்னாலேயே, பஞ்சு பிதுங்கிய சீட்டில்.

வார்டு வாசலில் என் பழைய கூட்டாளி, இப்போது தலைமை நர்ஸ். துணைக்கு யாரையும் உள்ளே விடுவதில்லை என்றாள். விடு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு பேசுறது? நீ இருந்தப்ப வெளிய பெஞ்சுல உக்காந்தவங்களையே விரட்டுவியேடி."

"ஆமா, விரட்டினேன். இந்த அம்மாவ உள்ள விடு."

டாக்டரம்மா வந்து, ஒருவர் இருக்கட்டும் என்றார். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே நின்றேன்.

ஏப்ரல் 9, புதன்

நேற்று பிற்பகல் முழுக்க வலிப்பு வராமலிருக்க மருந்து, பிறகு வலி வர மருந்து. லாரிக்காரன் சாயங்காலமே வந்து சேர்ந்தான். நான் வீட்டுக்குப் போய்விட்டு இன்று ஏழு மணிக்கெல்லாம் பெஞ்சுக்குத் திரும்பிவிட்டேன். ஒன்பது வருஷம் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எல்லாமே கேட்கிறது. தட்டு விழுவது, செருப்புச் சத்தம், யாரோ சிரிப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருந்த லாரிக்காரன் தூக்கிவாரிப் போட்டு என்னைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல, தட்டுதான்" என்று தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்கு அவள் அலறல். ஒரு குரல், "ஏய், கத்தாத" என்றது. என் குரல் மாதிரியே இருந்தது. எழுந்துவிட்டேன். கதவில் கை வைத்தும்விட்டேன். அதற்குள் மாமியார் குரல் வந்தது. "கத்தும்மா. நல்லாக் கத்து. யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது."

கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து இருபதுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ இருநூறு. அம்மாவுக்கு பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை, ஆனால் கண் தெளிந்திருக்கிறது. மாமியார் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மருமகள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைக்கிறேன், ஆனால் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

ஏப்ரல் 12, சனி

பிரஷர் நூற்று முப்பது. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். மகளிடம் இன்று ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அவளே நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலா?" என்றாள்.

ஏப்ரல் 21, திங்கள்

குழந்தை எடை குறைவு என்பதால் நெஞ்சோடு நெஞ்சு வைத்து, தோலோடு தோல் படும்படி கட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். நான் கொண்டுபோன துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள் தையல்காரி. "இத யாரு தச்சது? தோள்ல அறுக்கும். பட்டையை அகலமா வைக்கணும்" என்றாள். என்னிடம் இவ்வளவு நீளமாக அவள் பேசியது, 'நீங்கதான்' என்று சொன்ன அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நாளைக்கே தைக்கிறேன் என்றாள். பத்து நாளாவது மிஷின் பக்கம் போகாதே என்றேன். "இப்பவும் திட்டத்தான் செய்றீங்க" என்றாள். சிரித்தாளா? உதடு லேசாக அசைந்தது. நான் சிரித்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 4, புதன்

பள்ளிக்கூட வராந்தாவில் எடை பார்க்கும் நாள். பதினோரு குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுதால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வந்திருக்கலாம்.

மாவு மில் வீட்டுக்கு வந்திருக்கும் புது மருமகளுக்கு ஐந்தாவது மாதம். ஓரமாக நின்றவள் மெல்ல வாயைத் திறந்தாள். "ஆஸ்பத்திரில ரொம்பத் திட்டுவாங்களாமே?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதில் தேடுவதற்குள் தையல்காரி ஆரம்பித்துவிட்டாள்.

"திட்டுவாங்க. என்னத் திட்டியிருக்காங்க."

முழுக்கச் சொன்னாள். அந்தப் பேச்சை அதே சொற்களில் சொன்னாள், தொடையில் விழுந்த அடியைக் கையால் தட்டிக் காட்டினாள். அத்தனை பேருக்கு நடுவில் கேட்டேன். பால்காரர் மருமகள் "பாவி" என்றாள். நான் ஒரு குழந்தையின் கால்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கழற்றி முடித்த பிறகும் கழற்றிக்கொண்டே இருந்தேன்.

"அதுக்காகப் போகாம இருக்காத. உனக்கு நேரம் வந்தா நான் கூட வர்றேன். கேட்டா உள்ள விடுவாங்க" என்று முடித்தாள்.

புது மருமகளுக்கு இன்னும் பயம் போகவில்லை. "அந்த நர்ஸ் இப்பவும் அங்கதான் இருக்காங்களா?"

"இல்ல. அவங்க மாறிட்டாங்க."

"எந்த ஊருக்கு?"

தையல்காரி குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினாள். "பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டு, எழுந்து வந்து குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

தராசில் வைத்தேன். முள் நிற்கக் கொஞ்ச நேரமானது. மூன்று கிலோ தொள்ளாயிரம்.