லாக்கி கேட்ட வண்டி

மார்ச் 11, சனி

மழை. டிப்போவில் நான் ஓட்டும் பால் லாரியைக் கழுவி நிறுத்திவிட்டு நேராகத் தம்பி லாக்கியின் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் இடது கால் தட்டி விழுந்திருக்கிறான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. “படி உசந்துடுச்சு ரோனா” என்கிறான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மருத்துவர் ஜனவரியில் சொன்னது அப்படியே நடக்கிறது. முதலில் பாதம், பிறகு கால், பிறகு கை, பேச்சு, மூச்சு. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். மருந்து கிடையாது. லாக்கிக்கு நாற்பத்து மூன்று வயதுதான் ஆகிறது.

சீஸ் ரோல் சுட்டு, வெண்ணெய் தடவிக் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்: “எனக்கு ஒரு ஸ்கைலைன் கார் வேணும்.”

பள்ளிக்கூடம் முடித்த வருஷத்திலிருந்து இந்தப் பைத்தியம். ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகள் இந்தத் தென்கோடித் தீவுக்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கின காலம். அவன் சேக்காளிகள் ஆளுக்கொன்று வாங்கி, பாதிப் பேர் வேலியில் மோதினார்கள். இவனுக்கு மட்டும் எப்போதும் வேறு செலவு. முதலில் வீடு, பிறகு கல்யாணம், பிறகு அந்தக் கல்யாணத்தை முறித்துக்கொடுத்த வக்கீல்.

“கால் இருக்கிறப்பவே ஓட்டிடணும்” என்றான்.

சரி என்றேன்.

மார்ச் 14, செவ்வாய்

எந்த ஸ்கைலைனும் சரி என்று நினைத்திருந்தேன். ஐயா லேசுப்பட்டவரா?

“டர்போ இருக்கணும். ரெண்டு கதவு. பின் கண்ணாடிக்கு வைப்பர் இருக்கணும். கியர் வண்டியா இருக்கணும். அதுவும் தொழிற்சாலையிலேயே கியர் வண்டியாப் பொறந்ததா இருக்கணும். ஆட்டோமேட்டிக்கா வந்ததைப் பிரிச்சு கியர் மாட்டி ஏமாத்துவானுங்க. நீ பானட்டைத் திறந்து தகட்டைப் பாரு.”

தகடு என்றால் இன்ஜினுக்குப் பின்னால் அறைந்திருக்கும் சின்ன உலோகத் துண்டு. அதில் நீளமாக ஓர் எழுத்து வரிசை. குறிப்பிட்ட இடத்தில் எஃப் இருந்தால் கியர், ஏ இருந்தால் ஆட்டோ. நிறம், இருக்கைத் துணி எல்லாமே அதில் உண்டாம்.

“வைப்பர் எதுக்குடா? பின்னாடி மழை பெஞ்சா என்ன?”

“அசிங்கமா இருக்குன்னு எல்லாரும் முதல்ல அதைத்தான் கழட்டி எறிவாங்க. அது இருந்தா, வண்டியில யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம்.”

இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஆட்டை அறுப்பவன், ஒரு வண்டிக்கு இவ்வளவு கற்பு பார்க்கிறான்.

மார்ச் 25, சனி

விண்டன் ஊருக்குப் போனோம். நீல் என்று ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர். வெள்ளி நிற வண்டி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். டர்போ, இரண்டு கதவு, வைப்பர், எல்லாம் இருந்தன. தகட்டில் ஏ. அவரும் ஆட்டோ என்று சொல்லித்தான் விற்கிறார், ஏமாற்றவில்லை.

எனக்குப் பிடித்துவிட்டது. ‘உட்கார்ந்தாவது பாரேன்’ என்று கண்ணைக் காட்டினேன். லாக்கி கதவைக்கூடத் தொடவில்லை.

நீல் நல்ல மனிதர்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “காலை இழுத்து நடக்கிறியே தம்பி. உனக்கு ஆட்டோதான் தோது. வலது கால் ஒண்ணு போதும்” என்றார்.

அவ்வளவுதான். “பாட்டி கடைக்குப் போற வண்டி இது” என்று சொல்லிவிட்டு, விந்தி விந்தி என் காருக்கு நடந்தான். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

டனீடின். பழைய கார் விற்பனைக் கூடம். தலையில் எண்ணெய் வழிய ஒருத்தன், “ஃபேக்டரி மேனுவல் மேடம், கண்ணை மூடிட்டு வாங்கலாம்” என்றான்.

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று லாக்கி பானட்டைத் திறக்கச் சொன்னான். தகட்டின் மேல் கறுப்பாக மசி. விரலில் எச்சில் தொட்டுத் துடைத்தான். ஏ.

“இது என்னப்பா?”

“ஜப்பான்காரன் தப்பா அடிச்சிருப்பான் சார்.”

“ஆமாமா. குழந்தைக்குப் பேர் மாத்தி வச்சுட்டான், பாவம்.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பி வருகையில் பாட்டாகப் பாடித் தள்ளினான். மாதக்கணக்கில் அவனை இப்படிப் பார்க்கவில்லை. ஆனால் கூடத்துக்குள் நடந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டான். போன மாதம் பிடிக்கவில்லை.

ஜூன் 9, வெள்ளி

லாக்கி வேலையை விட்டான். கத்திகளை ஒப்படைத்துவிட்டு வந்தான். உறையை மட்டும் வைத்துக்கொண்டான்.

ஜூலை 16, ஞாயிறு

சண்டை.

நீல் இன்னும் அந்த வெள்ளி வண்டியை விற்கவில்லை. போன் போட்டுக் கேட்டேன். லாக்கியிடம் சொன்னேன். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தான்.

“ஆட்டோவில போய்ப் பொணமாட்டம் உக்காரச் சொல்றியா?”

“உக்காந்தாவது ஓட்டுவேடா! இந்தக் காலை வச்சுக்கிட்டு எந்தக் கிளட்சை மிதிப்பே?”

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மைதானே? எனக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்? யூ டியூபில் யாரோ ஒருவன் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டபடி படுத்துக் கிடக்கிறான். நீல் தோதாக ஒரு வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இவன் தகட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

கிடைத்துவிட்டது. டிமாருவில்.

மேரே என்ற பெண். நிறைமாதக் கர்ப்பிணி. “வயிறு ஸ்டியரிங்ல இடிக்குது, இல்லேன்னா குடுக்கவே மாட்டேன்” என்றாள். அடர்நீலம். டர்போ. பின் கண்ணாடியில் வைப்பர். அவளே பானட்டைத் திறந்து, துணியால் தகட்டைத் துடைத்தாள்.

எஃப்.

லாக்கி அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தான். எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. மேரே உள்ளே போய்த் தேநீர் கொண்டு வந்தாள்.

நான்தான் ஓட்டி வந்தேன். பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப மூணு... இப்ப நாலு” என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமல் தூக்கம் வராது.

காலையிலேயே சவரம் செய்துகொண்டான். நல்ல சட்டை போட்டான். ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார்த்தினேன். இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்தான். மிதித்தான். நகரவில்லை. முழங்காலைக் கையால் அழுத்தினான். பாதம் வழுக்கிக் கீழே விழுந்தது. திரும்பத் தூக்கி வைத்தான். திரும்ப விழுந்தது.

திரும்பத் திரும்ப.

நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் சொன்னான்: “இறக்கி விடு, ரோனா.”

ஆகஸ்ட் 21, திங்கள்

வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்தினேன். அவன் ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 2, சனி

பட்டறைக்காரர் கெவினைக் கூட்டி வந்தேன். ஆட்டோவாக மாற்றலாமாம். ஜப்பானிலிருந்து பாகங்கள் வரவேண்டும், கிறிஸ்துமஸ் தாண்டிவிடும் என்றார். கிறிஸ்துமஸ்! அதற்குள் வலது கால் இருக்குமா?

லாக்கிக்குக் காது மட்டும் பாம்புக் காது. உள்ளேயிருந்து கத்தினான்: “என் கியர்பாக்ஸ்ல கை வச்சீங்க, செத்தும் விடமாட்டேன்!”

கெவின் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

பேட்டரி இறங்கிவிடும், சும்மாவாவது ஒரு சுற்று போய் வருவோம் என்று அவனைக் கட்டாயப்படுத்தி ஏற்றினேன். ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஓடும் சரளைச் சாலை. யாருமில்லை.

நான் கியர் மாற்றுவதைச் சகிக்க முடியவில்லை அவனுக்கு. “லாரி ஓட்டுற மாதிரி ஓட்டுறியே. கியர் கரகரன்னு அறுக்குது. கையை எடு.” தன் வலது கையைக் கியர் மேல் வைத்தான். “நான் சொல்றப்ப மிதி.”

“லாக்கி, வேணாம்டா...”

“மிதி!”

மிதித்தேன். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. “விடு” என்றான். வண்டி சீறியது. “மிதி.” மூன்று. “விடு.”

அந்தச் சாலையின் கோடிவரை போனோம். அவன் இடது கால் என்னிடம் இருந்தது, என் இடது கை அவனிடம் இருந்தது. வண்டி ஓட்டியது ஒருவர்தான். அவனுக்கு வேர்த்து வழிந்தது. ஆடுகள் மிரண்டு ஓடின.

சட்டம் போட்டுவிட்டான்: “முதல் கியரும் ரிவர்ஸும் உன்னுது. மத்ததெல்லாம் என்னுது. கை வச்சே, கையை ஒடிப்பேன்.”

அழுகை வந்தது. மண் தூசி என்று சொன்னேன்.

அக்டோபர் 28, சனி

சூப்பர்மார்க்கெட் வாசலில் நீலின் வெள்ளி வண்டி. யாரோ வாங்கிவிட்டார்கள். நரைத்த தலை அம்மாள் ஒருத்தி, முட்டைக்கோஸும் ஆட்டுக்கறியும் பின் இருக்கையில் வைத்துவிட்டு, ஒரு காலால் அமைதியாக ஓட்டிக்கொண்டு போனாள்.

லாக்கி பார்த்தான். பாட்டி வண்டி என்று சொன்னானே, பாட்டியேதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னான்: “அதை வாங்கியிருந்தா ஜூன், ஜூலைக் குளிர்காலம் முழுக்க ஓட்டியிருப்பேன். தனியா.” பிறகு, “சொல்லிக் காட்டாதே” என்றான்.

சொல்லிக் காட்டுவேனா? நான் என்ன கல்லா?

நவம்பர் 19, ஞாயிறு

ஒரெட்டி கடற்கரைக்குப் போவோம் என்றான். நானே திடுக்கிட்டேன். உப்பு மணல் அடித்தட்டைத் தின்றுவிடும் என்று சேக்காளிகளைத் திட்டித் தீர்த்தவன்.

“துரு பிடிக்கும்டா.”

“பிடிக்கட்டும். என்னை விட மெதுவாத்தான் பிடிக்கும்.”

ஈர மணலில் தன் பங்கு நான்கு கியரையும் போட்டான். கடல் தண்ணீர் பின் கண்ணாடி வரை அடித்தது. வைப்பரைப் போடச் சொன்னான். அது கீச்சுக்கீச்சென்று ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தான். புரையேறும் அளவுக்குச் சிரித்தான். புரையேறினால் இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 25, திங்கள்

பேச்சு குழறுகிறது. ‘மிதி’ என்பது ‘இஇ’ என்று வருகிறது. எனக்குப் புரிகிறது. வேறு யாருக்கும் புரியவில்லை. வெளியே ஒரு சுற்று போனோம், இரண்டு முறை கியர் தப்பியது. கை வழுக்கிவிட்டது. கியர் கடகடவென்று அறுத்தது. “மன்னிச்சுக்கோ” என்றான். வண்டியிடம்.

ஜனவரி 23, செவ்வாய்

அவன் கையைத் தூக்கிக் கியர் மேல் வைத்தேன். அதன் மேல் என் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. இனி ‘மிதி’ என்று சத்தமும் இல்லை. உதடு அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து மிதித்தேன். சாலையைவிட அவன் வாயைத்தான் அதிகம் பார்த்தேன். வாசலில் நிறுத்தியபோது எழுத்துகள் அச்சிட்ட பலகையில் கண்ணால் ஒவ்வொன்றாகக் காட்டினான். எழுத்துக் கூட்டினேன்: ‘வித்துடாதே’.

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் போய்விட்டான். மூச்சு நின்றது, அவ்வளவுதான். சவரம் செய்து, அந்த நல்ல சட்டையைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

வண்டிக்கு ஆய்வுச் சான்று முடிகிறது. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் போனபின் இன்றுதான் தார்ப்பாயை எடுத்தேன். சக்கரத்துக்கு மேலே, விளிம்பில், துரு லேசாகத் தலைகாட்டியிருந்தது. கடற்கரைத் துரு. தடவிப் பார்த்தேன். துடைக்கவில்லை.

ரிவர்ஸில் எடுத்தேன். முதல் கியர் போட்டுச் சாலையில் ஏறினேன். அவை இரண்டும் என்னுடையவை.

இன்ஜின் ஏறிக்கொண்டே போனது. முள் சிவப்புக்குப் போனது. கதறியது. என் கால் கிளட்ச் மேலேயே காத்திருந்தது, இடது கை மடியிலேயே கிடந்தது. பின்னால் வந்த தபால் வேன்காரர் ஹாரன் அடித்தார். வழி விட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.

பிறகு நானே சத்தமாகச் சொன்னேன்: “மிதி.”

இரண்டாவது கியர் போட்டேன். அறுத்தது.