சுண்ணாம்பு நக்கிய மேனேஜர்

இன்று காலை மண்டிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. பீப்பாயில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்து எழுந்தது. அந்த வாடையில் முதலில் உன் பச்சோந்தியின் நினைப்புதான் வந்தது. அதன் பின்னால்தான் நீ வந்தாய். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

எண்பத்து நாலா ஐந்தா, சரியாக நினைவில்லை. திண்டிவனத்தில் நாம் கூட்டாக மல்லாட்டை மண்டி, வெளியூர்க்காரர் சொல்லில் நிலக்கடலை மண்டி, வைத்த இரண்டாவது வருடம். அனந்தபுரத்திலிருந்து வந்த வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே அது ஒட்டிக்கொண்டு வந்தது. அடித்து வெளியே போடச் சொன்னேன். நீ கையை நீட்டினாய். உன் விரலைப் பிடித்து ஏறியது. "ஒரு கண்ணு தராசைப் பாக்குது, இன்னொரு கண்ணு வாசலைப் பாக்குது. இந்த மாதிரி ஆளுதான்யா நமக்கு வேணும்" என்றாய். அன்றிலிருந்து அதற்கு மேனேஜர் என்று பேர். முற்றத்துச் செம்பருத்திச் செடி அதன் ஆபீஸ்.

கிண்ணத்துத் தண்ணீரை அது திரும்பிக்கூடப் பார்க்காது. இலையில் நீ தெளிக்கும் துளியைத்தான் நக்கும். செத்த பூச்சியைத் தொடாது. இரை நகர வேண்டும். மல்லாட்டையில் விழுந்த புழுவைப் பொறுக்கிக் கிளையில் விடுவாய். நாக்கு போய் வருவது தெரியாது, புழு மட்டும் இருக்காது. "நம்ம சரக்குல புழு இருக்குன்னு ஊருக்கே காட்டிக்கினு இருக்கியா?" என்று திட்டுவேன்.

இரண்டு மாதம் கழித்துச் சுவரை நக்கத் தொடங்கியது. கிளை சுவரைத் தொடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு சுண்ணாம்பை நக்கும். "வெத்தல பாக்கும் வாங்கிக் குடு" என்று நான் சிரித்தேன். பிறகு தரையில் இறங்கி, மல்லாட்டை சலித்த மண் குவிந்திருக்கும் மூலைக்குப் போய்ப் பிராண்டியது. அந்தச் சமயம் பார்த்து எண்ணெய் மில்லிலிருந்து சரக்கு பார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்தது. மண் குவியலைப் பார்த்தால் நம் சரக்கே மண் என்று நினைப்பான் என்று, அத்தனையையும் வாரி ரோட்டோரப் பள்ளத்தில் கொட்ட வைத்தேன். முற்றம் வெறும் சிமெண்டுத் தரையாயிற்று.

மறுநாளிலிருந்து மேனேஜர் எதையும் தொடவில்லை. மூன்று நாள் வாயைப் பிளந்து புழுவைத் திணித்தாய், துப்பியது. மஞ்சள் பையில் போட்டு, பஸ் ஏறி விழுப்புரத்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனாய். "மாடு இருந்தா ஓட்டிக்கினு வாங்க" என்று அவர் அனுப்பிவிட்டார். அன்று நீயும் சாப்பிடவில்லை.

மறுநாள், சொத்தை பொறுக்க வரும் அஞ்சலை அதைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இது ஆம்பளை இல்லீங்க. வயிறு பூரா முட்டை. முழுகாம இருக்கறவ சாம்பலைத் துன்றதில்ல? அந்த மாதிரிதான் சுண்ணாம்பைத் துன்னுக்கினு இருந்திருக்கு. இப்ப அதுக்குச் சோறு வேணாம். முட்டை வைக்க மண்ணு தேடுது. இருந்ததையும் வாரிக் கொட்டிட்டீங்க."

"இப்படியே வுட்டா?" என்றாய்.

"முட்டையோட செத்துப்பூடும்."

நீ என்னைப் பார்த்தாய். கூடையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனாய்.

அன்றுதான் மில் ஆள் வந்திருந்தார். அவர் என் எதிரே உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலையில் மண் கூடையோடு நீ உள்ளே வந்தாய். ஒரு கூடை அல்ல, நாலு கூடை. "இன்னாய்யா, உங்க பார்ட்னர் மண்ணை உள்ள கொண்டாறாரு?" என்று கேட்டார். பச்சோந்திக்குப் பிரசவம் என்றேன். அவர் பருப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நம்மிடம் சரக்கே எடுக்கவில்லை.

அஞ்சலை தண்ணீர் தெளித்துக் கொடுத்தாள். மேனேஜர் சாயங்காலம்வரை தோண்டி, பின்பக்கமாக உள்ளே இறங்கி, முட்டை வைத்து மூடிவிட்டுத் தோலும் எலும்புமாக வெளியே வந்தது. இலைத் துளிகளை வெகுநேரம் நக்கியது. மறுநாள் ஒரு புழு காணாமல் போனது. "மேனேஜரம்மாவுக்குப் பசி வந்துடுச்சு" என்று மண்டி முழுக்கக் கேட்கக் கத்தினாய். நான் உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

நீ கடைசியாகப் படுத்தது விழுப்புரத்தில், உன் மகள் வீட்டில். தட்டைத் தள்ளிவிடுவாய். நான் இட்லி, பன், ஹார்லிக்ஸ் என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தேன். "ரெண்டு வாய் துன்னுய்யா" என்று அதட்டினேன். நீ வாசலையே பார்த்துக்கொண்டு, "பசியில்லய்யா" என்றாய். நான் ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன்.

காரியம் முடிந்த பிறகு உன் மகள் சொன்னாள்: "மண்டிக்கு ஒரு தரம் போயிட்டு வரணும்னு அப்பா சொல்லிக்கினே இருந்தாரு பெரியப்பா."

ஒரு மணி நேர வழி. அந்த நாட்களெல்லாம் என் கார் உன் வாசலில்தான் நின்றிருந்தது.

இன்று வெள்ளையடிக்கிறவர், மல்லாட்டை சலித்த மண் குவிந்திருக்கும் அதே மூலையைக் காட்டிக் கேட்டார்: "இந்த மண்ணை வாரிக் கொட்டிடட்டுங்களா?"

"இருக்கட்டும்."

"மில்லுக்காரங்க பாத்தா இன்னா நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்" என்று சொல்லி, ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிடச் சொன்னேன்.