என் சம்ப்பில் போட்ட சிவப்புக் கலர்

அன்புள்ள ஜமால் அண்ணே,

பக்கத்து வீட்டுத் தண்டபாணி எழுதறேன். கூப்பிடு தூரத்துல இருந்தும் எட்டு வருஷம் உங்களோட பேசாதவன், நீங்க மௌத்தாகி, கண்ண மூடி நாலு மாசம் கழிச்சு லெட்டர் எழுதறேன். வெக்கங்கெட்டவன்னு நினைச்சுக்குங்க. தப்பில்ல.

கீழ் ரூம் சுவத்துல தண்ணி வர்றது நின்னுடுச்சு அண்ணே. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல மண்ணுக்குள்ள இருக்கே, அதே சுவர்தான். அங்கதான் என் சம்சாரம் மிஷின் போட்டு ஷூவுக்கு மேல்தோல் அப்பர் தைக்கிறா. வருஷா வருஷம் உள்பக்கம் பூசி பெயிண்ட் அடிப்பேன். ஐப்பசிக்குள்ள எல்லாம் பொரிஞ்சு விழும், அடுக்கி வெச்ச தோல்ல பூஞ்சை பிடிக்கும். உடனே உங்க வாசல்ல வந்து நின்னு, "உங்க தண்ணிதான் என் பொழப்பக் கெடுக்குது"ன்னு தெருவே கேக்கக் கத்துவேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி கடைசியாக் கத்தினப்பவும் நீங்க பதிலுக்குக் கத்தல. "தம்பி, நீ தோல் டேனரில சாய டிரம்ல வேலை செய்யறவன். ஒரு கை கலர் கொண்டாந்து என் தண்ணித் தொட்டில போடு. யார் தண்ணின்னு தெரிஞ்சிடும்"னீங்க.

"உங்க தொட்டில கலர் கொட்ட நான் இன்னா பைத்தியமா?"ன்னு கேட்டேன். உண்மையச் சொன்னா, பயம். உங்க தண்ணி இல்லைன்னு ஆயிட்டா நான் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?

முட்டி வலிக்காக அந்தச் சுவரோரமா ஒரு மேடை கட்டி, அதுல உக்காந்துதான் தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்வீங்க. மறுநாளே அந்த மேடைய இடிச்சு குழாய மூடிட்டீங்க. அப்புறம் ஒவ்வொரு தொழுகைக்கும் பள்ளிவாசல் வரைக்கும் நொண்டிக்கிட்டே போனீங்க. அப்பவும் சுவர் கசிஞ்சுது. "ஆளில்லாதப்ப குழாயத் திறந்து விடறாரு"ன்னு டீக்கடையில சொன்னேன் அண்ணே. உங்க ஜனாஸாவ என் வாசலத் தாண்டித் தூக்கிட்டுப் போனப்பகூட, கூட வராம என் வீட்டு கேட்டப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன்.

போன மாசம் வந்த கொத்தனார் உள்ள பூசவே மாட்டேன்னுட்டார். "வெளியில இருந்து வர்ற தண்ணிய உள்ள பூசி எப்படி நிறுத்தறது? சுவரோரமா மண்ணுக்குள்ள இருக்கற உங்க தண்ணி சம்ப்பப் பார்த்தீங்களா?"ன்னார். அவர் வாய அடைக்கணும்னே என் சம்ப்புல ஒரு கை சிவப்புக் கலரப் போட்டேன். மறுநாள் காலையில கீழ இறங்கின என் சம்சாரம் அப்படியே நின்னுட்டா. சுவர் பூரா சிவப்பு.

"அப்போ இவ்ளோ வருஷமும் நம்ம தண்ணிதானா?"ன்னா.

சுவரோரம் அடிவரைக்கும் தோண்டி, சம்ப் விரிசல அடைச்சு, சுவருக்கு வெளிப்பக்கம் கசியாத பூச்சு பூசினாங்க. ரெண்டு பெரிய மழை பேஞ்சாச்சு, சொட்டு இல்ல. காஞ்ச சுவரப் பாக்கத்தான் என்னால முடியல.

அண்ணிகிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன். மேடையும் குழாயும் திரும்பக் கட்டித் தர்றேன்னேன்.

"அதுல உக்கார யாரு இருக்கா?"ன்னாங்க. "கத்தினது தெருவுல. இத மட்டும் என் காதுல வந்து சொல்றியே தண்டபாணி?"

வர்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிஞ்சு எல்லாரும் நம்ம தெரு வழியா வரும்போது, உங்க வாசல்ல நிப்பேன் அண்ணே. தண்ணி என்னுது, பழி போட்டவன் நான்னு சொல்லுவேன். அன்னிக்குக் கத்தின அதே குரல்ல சொல்லுவேன்.

உங்க தம்பின்னு போட்டுக்கலாமா?
தண்டபாணி